பதினைந்து நாள் காது

பதினோரு மணிக்கு வருவாள். பதினோரு மணி என்றால் பதினொன்றே கால், சிக்னலில் மாட்டிக்கொண்டால் பதினொன்றரை. இப்போது ஒன்பதே முக்கால். அதுவரை இந்தக் காது என்னுடையது. அதற்கப்புறம் ரெஜினா வந்து, இரண்டையும் கழட்டி, பஞ்சால் துடைத்து, நீலப் பெட்டியில் படுக்கவைத்து மூடிவிடுவாள். டப் என்று மூடும். அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது, கழட்டின பிறகுதானே மூடுவாள். நாலு கம்பெனி நாலு பெட்டியை இப்படி மூடியிருக்கிறது, ஒன்றின் சத்தமும் நான் கேட்டதில்லை. ஃபிரிட்ஜ் முனகுகிறது. முதல் தடவை காது மெஷின் மாட்டிக்கொண்டபோது வீட்டுக்குள் யாரோ நோயாளி படுத்திருக்கிற மாதிரி பயந்துபோய்த் தேடினேன், இது எட்டு வருஷமாக முனகிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. இப்போது பழகிவிட்டது. காலையில் எழுந்து மெஷினை மாட்டினதும் முதலில் ஃபிரிட்ஜ்தான் பேசுகிறது. பிறகு ஃபேன். பிறகு என் செருப்பு. என் செருப்புக்கு இத்தனை சத்தம் உண்டு என்று கீழ் வீட்டுக்காரர்கள் ஒருநாளும் சொல்லவில்லை, நல்ல மனுஷர்கள், அல்லது சொல்லியிருப்பார்கள், நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருப்பேன். அதுதான் விஷயம். முகத்துக்கு நேராகச் சொன்னால் எதுவும் எனக்குத் தப்பாது. முதுகுக்குப் பின்னால் உலகமே இல்லை. அறுபத்து நாலு வயதில் முப்பத்தோரு வருஷம் மில்லில் போயிற்று, ஸ்பின்னிங் பிரிவில் அந்த இரைச்சலில் வாய் திறந்து கத்துகிறவள் புதுசு என்று அர்த்தம். பழையவர்கள் உதட்டில்தான் பேசுவோம். மரகதம் எனக்கு எதிர் மெஷினில் பத்தொன்பது வருஷம் நின்றாள், அவள் குரல் எப்படி என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும், உதட்டைக் கேட்டால் இப்போதே சொல்வேன், கீழுதடு கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும், சிரிப்பு வரப்போகிறது என்றால் முன்னாடியே தெரிந்துவிடும். இப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கும் காது போயிற்று. ரெண்டு செவிடுகள் ஃபோனில் என்ன பேசுவது? பேசுவதில்லை. அண்ணன் மகன் திருப்பூரில் இருக்கிறான், தீபாவளிக்குக் கூப்பிடுவான், நான் குத்துமதிப்பாக “நல்லா இருக்கறன் சாமி” என்பேன், அவன் கேட்டது அதுதானா என்று எனக்கும் தெரியாது அவனுக்கும் கவலையில்லை.

துவரம்பருப்பைக் கழுவிக் குக்கரில் போட்டேன். விசில் கேட்கிற காலத்தில் கேட்டுவிட வேண்டும். அடுப்பை இன்னும் பற்ற வைக்கவில்லை, அவள் வருகிற நேரத்துக்கு வைத்தால் போதும், ஒரு வாய் சாப்பிட்டுப் போ என்றால் சாப்பிட மாட்டாள், ஆனாலும் வீட்டில் ஏதோ வேகிற வாசம் இருந்தால் நான் சும்மா உட்கார்ந்து அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்த மாதிரி இருக்காது. எத்தனை ஜாக்கிரதை பார் எனக்கு. திருடிக்குத்தான் இத்தனை ஜாக்கிரதை இருக்கும். இல்லை, திருட்டு இல்லை, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்து அனுப்பியது யார்? பதினைந்து நாள் இலவசம், வீட்டுக்கே வந்து பொருத்துவோம், பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுங்கள், ஒரு ரூபாய் வேண்டாம் என்று குண்டு எழுத்தில் போட்டது யார்? நான் போய்க் கதவைத் தட்டினேனா? போடா என்று இருந்தால் மறு வாரம் மறுபடி நோட்டீஸ். கூப்பிட்டவன் வீட்டில் சாப்பிட்டால் அது திருட்டா? ஆனால் கூப்பிட்டவன் ஒருதரம்தான் கூப்பிட்டான். நான் பேரை மாற்றி மாற்றி உட்கார்ந்தேன். முதல் கம்பெனிக்கு துளசிமணி. இரண்டாவதற்கு ஆர். துளசி. மூன்றாவதற்கு மணியம்மாள். கம்பெனியே வேறு வேறு, பேரை மாற்ற வேண்டிய அவசியமே கிடையாது, இருந்தும் மாற்றினேன் பார், அங்கேதான் எனக்கே தெரிந்திருக்கிறது. மில் கேட்டில் ஷிப்ட் முடிந்து வரும்போது மடியைத் தட்டிப் பார்ப்பார்கள். விளக்குத் திரிக்கு என்று கழிவுப் பஞ்சு ஒரு கை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போகிறவர்கள் உண்டு, குப்பைக்குப் போகிற பஞ்சுதான், யாருக்கும் நஷ்டமில்லை. முப்பத்தோரு வருஷத்தில் நான் ஒரு துணுக்கு எடுத்ததில்லை. சோதனை போடுகிற அம்மா கடைசியில் என்னைத் தொடுவதையே விட்டுவிட்டாள், துளசிமணி அக்காளா, போங்க போங்க என்று கையை ஆட்டிவிடுவாள். அந்தக் கையாட்டலுக்காகவே நான் நிமிர்ந்து நடப்பேன். அந்தத் துளசிமணிதான் இது.

முதல் கம்பெனியின்போது வாங்கத்தான் நினைத்தேன், சத்தியமாக. வைப்புத்தொகை இருக்கிறது, மில் மூடினபோது வந்தது, யாருக்குச் சேர்த்து வைக்கிறேன். அந்தப் பையன் பொருத்தின அன்றைக்கு வெந்நீர் கொதிக்கிற சத்தம் கேட்டு அழுதேன். வெந்நீருக்குப் போய் அழுவார்களா? அழுதேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபோன் பண்ணுவான், ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தான், எப்படிங்கம்மா இருக்கு, டிவி கேக்குதுங்களா, காலிங் பெல் கேக்குதுங்களா, கூட்டத்துல பேசறது புரியுதுங்களா. அவன் கையில் ஒரு பட்டியல் இருந்திருக்கும், அதைப் பார்த்துத்தான் கேட்டிருப்பான், எனக்கென்ன. கூட்டத்தில் புரிகிறதா என்று கேட்டானே, என்னிடம் கூட்டம் ஏது. மறுநாள் ரேஷன் கடை வரிசையில் போய் நின்றேன். கார்டு எடுத்துப் போகவில்லை. முக்கால் மணி நேரம் நின்று, யாருக்கு எப்போது பாமாயில் கிடைக்கவில்லை, யார் மருமகள் எங்கே போனாள் எல்லாம் கேட்டுவிட்டு, என் முறை வரும்போது ஒதுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஆறு மணிக்குச் சொன்னேன், கூட்டத்துலயும் கேக்குது தம்பி. சூப்பர்ங்கம்மா என்றான். அந்த சூப்பரை இரவு படுக்கும்வரை வைத்திருந்தேன். பதினாலாம் நாள் செக் எழுதத் தயாராக இருந்தேன், அவன் ஆசையாகச் சொன்னான், “வாங்கிட்டீங்கன்னா இந்தத் தொந்தரவெல்லாம் இல்லைங்கம்மா. டிரையல்ல இருக்கறவங்களுக்குத்தான் டெய்லி போன். அப்பறம் நாங்க கூப்பிடவே மாட்டம். வருஷத்துக்கு ஒருக்கா சர்வீஸ், அவ்வளவுதான்.” ஏதோ சலுகை சொல்கிற மாதிரி சொன்னான். செக் புத்தகத்தை பீரோவில் புடவைக்கு அடியில் திரும்ப வைத்தேன். மறுநாள் ஃபாரத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. நோட்டீஸில் காரணம் கேட்கமாட்டோம் என்று போட்டிருந்தார்கள், ஃபாரத்தில் கேட்டார்கள். கீச்சென்று ஒரு விசில் வருது தம்பி என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். விசில் என்று எழுதிக்கொண்டு, முகம் தொங்கிப் போய், பெட்டியை மூடினான். எனக்கு அப்போதும் புரியவில்லை. அவனுக்கு விற்கவில்லை என்ற வருத்தம் என்று நினைத்தேன்.

பத்தேகால். புறா ஒன்று ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து தொண்டைக்குள்ளேயே எதையோ உருட்டுகிறது. இரண்டு கம்பெனிகளுக்கு நடுவில் மூன்று மாதம் விடுவேன், அதுவும் ஒரு நியாயம், நானே எனக்குப் போட்டுக்கொண்ட நியாயம். அந்த மூன்று மாதம் புறாவுக்குச் சத்தம் கிடையாது, கழுத்து மட்டும் வீங்கி வீங்கி அடங்கும். நான்கு தடவை விசில் என்றேன். ஐந்தாவதாகத்தான் ரெஜினா வந்தாள். போத்தனூர்ப் பெண், இருபத்தைந்து ஆறு இருக்கும், அங்கிருந்து சிங்காநல்லூருக்கு ஸ்கூட்டரில் வருவாள், ஹெல்மெட் கழட்டினால் நெற்றியில் ஒரு சிவந்த கோடு இருக்கும். மற்றவர்கள் அரை மணியில் மாட்டிவிட்டுப் போனார்கள். இவள் என் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, அச்செடுத்து, நான்கு நாள் கழித்துத் திரும்ப வந்து, ஓரத்தை அரத்தால் ராவி, இப்பப் பாருங்கம்மா, இப்பப் பாருங்கம்மா என்று ஒன்றரை மணி நேரம் என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் தலையை இன்னொருவர் கை பிடித்து எத்தனை வருஷம். கண்ணை மூடிக்கொண்டேன், வலிக்குதுங்களா என்றாள், இல்லை கண்ணு என்றேன். ஐந்தாம் நாள் வந்தபோது டீ குடித்துக்கொண்டே சொன்னாள், வெகுளியாகத்தான் சொன்னாள். “விசில் ஏதாச்சும் வந்துச்சுன்னா ஒடனே கூப்புடுங்கம்மா, ராத்திரி ஆனாலும் வந்து சரி பண்ணித் தந்தர்றன். கடைசில திருப்பறப்ப விசில்னு எழுதிட்டா, மாட்டுன ஆளு சரியில்லைன்னு எங்க பேர்ல வந்துருங்க. மூணு விசில் வந்தா நேராக் கூப்புட்டு விட்ருவாங்க.” வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அர்த்தம். டீ விழுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. நாலு பேர். அந்த முதல் பையன், அவன் பேர் என்ன, கோகுலா, கௌதமா, சூப்பர்ங்கம்மா என்றானே, அவன் முகம் தொங்கியது அதனால்தானா. நோட்டீஸ் போட்டவன் பெரிய கம்பெனி, அவனிடம் நான் எடுத்துக்கொண்டதை அவன் மாலை வரைக்கும் ஞாபகம் வைத்திருக்க மாட்டான். நான் எடுத்தது அவனிடம் இல்லை. ஸ்கூட்டரில் வந்தவர்களிடம்.

அதையாவது ஒரு மாதிரி விழுங்கியிருப்பேன். இனி விசில் என்று எழுத வேண்டாம், கனமாக இருக்கிறது, கண்ணாடியோடு ஒத்துவரவில்லை, வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று யோசித்து வைத்துவிட்டேன், யோசனைக்கா பஞ்சம். பத்தாம் நாள்தான் வந்தது. அன்றைக்கும் ஒரு பார்வை பார்க்க வந்தாள், போகும்போது கதவைச் சாத்திவிட்டேன், இரண்டு படி இறங்கியிருப்பாள், ஃபோன் அடித்தது, அவளுடையது. நின்று பேசினாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் தாழ்ப்பாளில் கை வைத்தபடி இருந்தேன். அவள் பொருத்திய மெஷின், அவளே ராவி ராவிச் சரிசெய்தது, ஒரு சொல் சிந்தாமல் கொண்டுவந்து கொடுத்தது. “இல்லைங்க சார், இந்த சேல் நிக்காதுங்க. எனக்கு மொதல்லயே தெரியுமுங்க. சிங்காநல்லூர் அம்மான்னா எல்லாக் கம்பெனிலயும் தெரியுமுங்க சார், எங்க காலேஜ் குரூப்ல அந்தம்மா பேரே அதான். வாங்கறதுக்கு இல்லைங்க. பேச்சுத் தொணைக்கு. பாவம்ங்க சார். பரவால்லைங்க, எம் பேர்லயே போகட்டும்.” பிறகு செருப்புச் சத்தம், பதினாலு படி, ஸ்கூட்டர். சிங்காநல்லூர் அம்மா. மணியம்மாள், ஆர். துளசி, அத்தனை பேரையும் யோசித்து யோசித்து வைத்துக்கொண்டேனே, ஊர் முழுக்க எனக்கு ஒரே பேர்தான் இருந்திருக்கிறது. என்னைப் பற்றி ஒருத்தர் பேசி, முகம் இல்லாமல் என்னிடம் வந்து சேர்ந்த முதல் பேச்சு அது. மில்லில் ஒருத்தி என்னைத் திட்டினாலும் உதடு தெரியும், கண் தெரியும், திட்டுகிறவளுக்கும் நான் பார்க்கிறேன் என்று தெரியும். இது கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. பாவம்ங்க சார். எத்தனை தடவை அதை ஓட்டிப் பார்த்துவிட்டேன். பாவம் என்கிறபோது உதடு எப்படி இருந்திருக்கும்? மேல்படியில் நிற்கிறவர்கள் கீழ்ப்படிக்குச் சொல்கிற பாவமா, வெயிலில் நிற்கிற மாட்டைப் பார்த்துச் சொல்கிற பாவமா, இல்லை மரகதம் என்னைப் பார்த்து ஒருதரம் சொன்னாளே, இரண்டாவது மாப்பிள்ளையும் வேண்டாமென்று போனபோது, மெஷினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உதட்டை அசைத்து, அந்தப் பாவமா? குரலில் வித்தியாசம் பார்க்க எனக்குத் தெரியாது. எனக்குக் குரலில் எழுத்து மட்டும்தான் கேட்கிறது.

பதினோராம் நாள் ஆறு மணிக்கு ஃபோன் அடித்தது, எடுக்கவில்லை. கோபம். யாரடி நீ எனக்குப் பாவம் பார்க்க, உன் வயதுக்கு நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம். மறுபடி அடித்தது. மூன்றாவது தடவையும் அடித்து நின்றது. அப்படி ஒரு நிசப்தம் மெஷின் போட்ட காதில்தான் கேட்கும். பன்னிரண்டாம் நாள் ஐந்தரைக்கே ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், எனக்கு வெட்கம் கிடையாது. நேத்து எடுக்கலையேங்கம்மா, பயந்தே போயிட்டன் என்றாள். தூங்கிட்டன் கண்ணு. டிவி கேக்குதுங்களா. கேக்குது. பெல் கேக்குதுங்களா. கேக்குது. கூட்டத்துல என்று ஆரம்பித்து அவளே விட்டுவிட்டாள், பட்டியலில் அடுத்ததற்குப் போய்விட்டாள். தெரிந்துதான் விட்டாள். தெரிந்துதான் வருகிறாள், தெரிந்துதான் தலையைப் பிடித்துக்கொண்டு ராவினாள், எனக்கு விற்காது என்று தெரிந்துகொண்டே அத்தனை நேரம். அதைத்தான் தாங்க முடியவில்லை. ஏமாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தர்மம் போட்டிருக்கிறாள். செக் புத்தகத்தை எடுத்தேன். வைத்தேன். வாங்கினால் தொந்தரவு இல்லை. வாங்கினால் ஆறு மணி வரும், போகும், அதன் நிமிஷமுள் சத்தம் உட்பட எல்லாம் துல்லியமாகக் கேட்கும். வாங்காவிட்டால் அவள் பேரில் ஒன்று போகும், எனக்கு மூன்று மாதம் கழித்து ஆறாவது கம்பெனி, அங்கேயும் யாராவது சிங்காநல்லூர் அம்மாவா, நான் போறன், பாவம் என்று கிளம்புவார்கள். அதுவும் கிடைக்கும்தான். பாவத்துக்கு மூன்று மாதம் தவணை. சே.

பதினொன்றேகால். குக்கரை அடுப்பில் வைத்துப் பற்றவைத்தேன். ஸ்கூட்டர். ஸ்டாண்டு போடுகிற சத்தம். பதினாலு படி. பெல் அடிப்பதற்கு முன்னாடியே கதவைத் திறந்துவிட்டேன், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் சிரித்தாள். நெற்றியில் அந்தச் சிவந்த கோடு. உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், நீலப் பெட்டியை மேஜையில் வைத்தாள், ஃபாரத்தை எடுத்தாள். என்னைக் கேட்கவே இல்லை, வாங்கறீங்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று குனிந்துகொண்டே பேனா மூடியைத் திறந்தாள்.

“விசில்னு போட்டுக்கலாங்களாம்மா?”

எனக்காகப் பொய்யையும் அவளே கொண்டு வந்திருக்கிறாள். அவள் பேரில் எழுதப்படப் போகிற பொய்யை, அவள் பேனாவில், என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு. இந்தப் பெண்ணை நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்.

“என்னத்துக்கு விசில்? ஒரு விசிலும் இல்ல. நல்லாக் கேக்குது. நீ படில நின்னு பேசுனது கூடக் கேட்டுச்சு.”

பேனா நின்றது. நிமிர்ந்தாள். எந்தப் படி, எந்த நாள் என்று அவள் கணக்குப் போடுவது கண்ணில் தெரிந்தது, அது முடிந்ததும் தெரிந்தது.

“அம்மா, நான் வந்து… தப்பா ஒண்ணும்…”

“பேசாத. கோவந்தான் எனக்கு. நாலு நாளாக் கோவம். உம்மேல பாதி, எம்மேல பாதி.” செக் புத்தகத்தைப் புடவைக்கு அடியில் தேட வேண்டியிருக்கவில்லை, காலையிலிருந்து மேஜை விரிப்புக்குக் கீழேதான் இருந்தது. “கம்பெனி பேரைச் சரியா எழுத்தெழுத்தாச் சொல்லு. அந்த நாலு பேரு இப்ப எங்க இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?”

“ரெண்டு பேரத் தெரியுமுங்க. வேற எடத்துல இருக்காங்க. நல்லாத்தான் இருக்காங்க.”

மற்ற இரண்டு பேரைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. “எம்மேல பரிதாபப்பட்டு வாங்காதீங்கம்மா” என்றாள். “அந்தப் பரிதாபத்த நீ வெச்சிருந்ததே போதும், குடு, எங்க கையெழுத்து?” என்றேன். சிரித்தாளா அழுதாளா, இரண்டும் உதட்டில் ஒரே இழுப்புதான். விற்றதற்கு ஒரு ஃபாரம் உண்டாம், அதை வாசித்துக்காட்ட வேண்டுமாம், வாசித்தாள். இரண்டு வருஷம் வாரண்டி. பேட்டரி இந்த இடத்தில் கிடைக்கும். ஆண்டுக்கொரு முறை சர்வீஸுக்கு எங்கள் ஆள் ஒருவர் வருவார். தினசரி அழைப்புகள் இன்றுடன் நிறுத்தப்படும் என்ற இடத்தில் குரல் தாழ்ந்து போயிற்று, ஆனால் வாசித்துவிட்டாள், முதல் நாளே நான் சொல்லிக்கொடுத்த மாதிரி என் முகத்தைப் பார்த்தே வாசித்தாள். சரி என்றேன். எழுந்தாள். என் தலையை ஒருதரம் இரண்டு கையாலும் பிடித்து, மெஷின் இரண்டும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். உட்கார்ந்துதான் இருந்தது.

கதவைச் சாத்தினேன். இரண்டு படி இறங்கியிருப்பாள், அவள் ஃபோன் அடித்தது. அதே சாராகத்தான் இருக்க வேண்டும். நின்றாள். “ஆமாங்க சார்” என்றாள். அடுத்த சொல் வருவதற்குள் என் கை காதுக்குப் போயிற்று. வலது முதலில், பிறகு இடது. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். என் காசில் வாங்கிய காது, எனக்குச் சொன்னதை மட்டும் கேட்டால் போதும். ஃபிரிட்ஜ் நின்றது, ஃபேன் நின்றது, படிக்கட்டு நின்றது. ஜன்னலுக்கும் போகவில்லை, வண்டியில் ஏறும்போது அவள் இன்னும் பேசிக்கொண்டிருப்பாள், உதட்டைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன், போயிருப்பாள் என்று தோன்றுகிறவரை நின்றேன், அதற்கு மேலும் கொஞ்ச நேரம். பருப்பு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. குக்கர் எத்தனை விசில் விட்டதோ தெரியவில்லை, போய் அடுப்பை அணைத்தேன்.